ஸ்டடி பைபிள் சாப்ட்வேர்ல வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா, இருக்கறத வெச்சு ஆரம்பிச்சிடலாமா?

சூரமங்கலம்காரன் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்ங்க. சேலம் சூரமங்கலத்துல இருந்து எழுதறேன். எங்க சபைல புதன்கிழமை சாயந்திரம் வேதபாடம் நடக்குது, இந்த தடவ அப்போஸ்தலர் நடபடிகள் 28 அதிகாரமும் எடுக்கணும்னு பாஸ்டர் ஐயா என்கிட்டயும் இன்னொரு பிரதர்கிட்டயும் பொறுப்ப குடுத்திருக்காரு. எனக்கு பயமும் இருக்கு சந்தோஷமும் இருக்கு.

கைல இங்கிலீஷ் இ.எஸ்.வி மொழிபெயர்ப்புல ஸ்டடி பைபிள், அதாவது வசனத்துக்கு கீழயே விளக்கக் குறிப்பு இருக்கற பைபிள் இருக்குங்க, 2008ல வந்தது, 2,752 பக்கம். குறிப்பு மட்டும் 20 ஆயிரம் கிட்ட, மேப்பு, கட்டுரை எல்லாம் ரொம்ப அருமை, ஆனா அத பைல வெச்சு டவுன் பஸ்ல நின்னுட்டு போறது கஷ்டமா இருக்கு, அதுவும் இல்லாம ஒரு வசனத்துல இருந்து இன்னொரு வசனத்துக்கு புரட்டி புரட்டி பாத்துட்டு தமிழ் பைபிள வேற பக்கத்துல திறந்து வெச்சுட்டு நோட்டுல எழுதறதுக்குள்ள ராத்திரி ஆயிடுது.

அதனால ஒரு சாப்ட்வேர்ல (பேர் வேணாம்) புதுசா வரப்போற இன்னொரு ஸ்டடி பைபிளுக்கு முன்பதிவு பண்ணி வெச்சிருக்கேன். மூலபாஷை வார்த்தை, மேப்பு, குறிப்பு எல்லாம் ஒரே ஸ்கிரீன்ல வருமாம். ஆனா தேதி தள்ளி தள்ளி போயிட்டே இருக்கு, மெயில் போட்டா "விரைவில்"னு மட்டும் பதில் வருது. பாடம் அடுத்த மாசம் ஆரம்பிக்கணும்.

என் கேள்வி இதுதான். காத்திருக்கலாமா, இல்ல ஃப்ரீயா கிடைக்கற சாப்ட்வேர வெச்சு ஆரம்பிச்சிடலாமா? தமிழ் பைபிளும் பக்கத்துலயே தெரியணும், நெட் இல்லாமயும் ஓடணும், ஏன்னா சனிக்கிழமைல ஏற்காடு மேல ஒரு எஸ்டேட் லைன் வீட்டுல ஜெபக்கூட்டம் இருக்கு, அங்க போனா டவரே கிடைக்காது. லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம், விண்டோஸ். போன் ஆண்ட்ராய்டு. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

அஸ்தம்பட்டி வாசகர்:

தம்பி, ஸ்தோத்திரம். நல்ல பொறுப்பு வந்திருக்கு, அத சாப்ட்வேருக்காக ஒரு வாரம் கூட தள்ளிப்போடாதீங்க, இதுதான் என் பதில். மீதி எல்லாம் விளக்கம்தான்.

முதல்ல ஏன் லேட்டாகுதுன்னு புரிஞ்சுக்கோங்க, புரிஞ்சா மனசு ஆறும். அச்சுப் புத்தகத்த அப்படியே பிடிஎப் ஆக்கி விக்கறதுன்னா சீக்கிரம் முடிஞ்சிடும். ஆனா படிக்கற சாப்ட்வேருக்குள்ள வரணும்னா ஒவ்வொரு குறிப்பும் எந்த வசனத்துல இருந்து எந்த வசனம் வரைக்கும்னு கட்டி வெக்கணும், குறிப்புக்குள்ள "லேவி. 16:29" "வச. 12" "மேலே பார்க்க"ன்னு வர்ற ஒவ்வொண்ணையும் தொட்டா திறக்கற மாதிரி மாத்தணும், மேப்புல இருக்கற ஊர் பேர இணைக்கணும், பதிப்பாளர்கிட்ட உரிமம் வாங்கணும், அதுக்கு மேல சரிபாக்கணும். ஒரு ரெஃபரன்ஸ் தப்பா போனா படிக்கறவன் தப்பான வசனத்துல போய் நிப்பான், அதனால அவசரப்பட்டு வெளியிடாம இருக்கறது ஒரு வகைல நமக்கு நல்லதுதான்.

முன்பதிவு பத்தி. உங்களோடது எந்த சாப்ட்வேர்னு எனக்கு தெரியாது. லோகோஸ்னு ஒரு பைபிள் சாப்ட்வேர்ல ப்ரீ-பப்னு ஒரு முன்பதிவு முறை இருக்கு, அதுல புத்தகம் வெளியாகும்போதுதான் காசு எடுப்பாங்க, அதுவரைக்கும் எப்ப வேணா கேன்சல் பண்ணலாம், விலையும் வெளியானதுக்கு அப்புறம் இருக்கறத விட கம்மியா இருக்கும். உங்களோடதும் அப்படின்னா அது பாட்டுக்கு இருக்கட்டும், எடுக்க வேணாம். ஆனா காசு முன்னாடியே குடுத்திருந்தா திருப்பி வாங்க முடியுமான்னு பில்லுல பாருங்க. இன்னொண்ணு, வெளிநாட்டு சைட்டுல பிற்பாடு காசு எடுக்கும்போது நம்ம ஊரு கார்டு பல நேரம் ஃபெயில் ஆயிடும், பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் பேமெண்ட் ஆன்ல இருக்கான்னு ரிலீஸ் தேதிக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க.

இப்ப உங்க லேப்டாப்புக்கு. இ-ஸ்வார்டுன்னு ஒரு பைபிள் சாப்ட்வேர் இருக்கு, அத போடுங்க. ரிக் மேயர்ஸ்னு ஒருத்தர் 2000ல இருந்து குடுத்துட்டு இருக்காரு, விண்டோஸ்ல ஃப்ரீ, 4 ஜிபி ராம்ல தாராளமா ஓடும், இறக்கினதுக்கு அப்புறம் நெட்டே வேணாம். தமிழ் பைபிள், ஒரு இங்கிலீஷ் பைபிள், மேத்யூ ஹென்றி விளக்கவுரை, ஸ்ட்ராங் நம்பர் (ஒவ்வொரு வார்த்தைக்கும் மூலபாஷை வார்த்தைய காட்டற எண்) உள்ள கே.ஜே.வி இங்கிலீஷ் பைபிள், அப்புறம் கண்டிப்பா "ட்ரெஷரி ஆஃப் ஸ்க்ரிப்சர் நாலெட்ஜ்". இந்த கடைசி ஒண்ணு வெறும் ஒத்துவாக்கியம், அதாவது ஒரு வசனத்தோட சம்பந்தப்பட்ட மத்த வசனங்களோட பட்டியல்தான், ஆனா லட்சக்கணக்குல இருக்கு. வசனத்த வேதமே விளக்கறதுக்கு இதுக்கு மேல ஒரு கருவி எனக்கு தெரியல. ரெஃபரன்ஸ க்ளிக் பண்ணா அந்த வசனத்துக்கே போயிடும், தமிழ் பைபிள் திறந்திருந்தா தமிழ்லயே படிக்கலாம்.

ஒரு விஷயம் சொல்லி முடிச்சுக்கறேன். ஜெர்மனில இருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயா தரங்கம்பாடில தமிழ் புதிய ஏற்பாட்ட அச்சடிச்சப்போ முழுசும் முடியட்டும்னு காத்திருக்கல. 1714ல நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் வந்துச்சு, மீதி 1715ல. பழைய ஏற்பாட்டுல ரூத் வரைக்கும்தான் அவரால முடிஞ்சுது, 1719ல போயிட்டாரு, அப்புறம் ஷூல்ட்சேங்கற இன்னொரு மிஷனரி முடிச்சு 1728ல வந்துச்சு. நீங்க எடுக்கப்போற அதே புத்தகம்தான் தமிழ்ல முதல்ல அச்சான பகுதில இருந்துச்சு தம்பி.

நாகலூர் அக்கா:

ஸ்தோத்திரம் பிரதர். நான் ஏற்காடு நாகலூர் பக்கம், காப்பி எஸ்டேட்டுல இருக்கற குடும்பங்களோட பிள்ளைங்களுக்கு சண்டே ஸ்கூல் எடுக்கறேன். நீங்க சொன்ன டவர் பிரச்சன எங்களுக்கு தினமும். மழ வந்தா கரண்ட் போகும், மஞ்சு எறங்கினா போன்ல ஒரு கோடு கூட நிக்காது. அதனால ஆன்லைன்ல மட்டும் திறக்கற பைபிள் ஆப்பு மேல எனக்கு நம்பிக்கையே இல்ல, கூட்டத்துக்கு நடுவுல சுத்திக்கிட்டே இருக்கும், பிள்ளைங்க கவனம் போயிடும்.

போனுக்கு ரெண்டு சொல்றேன். ஒண்ணு ஆண்ட் பைபிள், விளம்பரமே கிடையாது, ஓப்பன் சோர்ஸ், ஸ்வார்டு மாட்யூல் (பைபிள், விளக்கவுரைன்னு ஒவ்வொண்ணும் தனித்தனி ஃபைலா வர்றது) எல்லாம் இறங்கும். இன்னொண்ணு மைஸ்வார்டு. ரெண்டும் ஒரு தடவ கீழ சேலம் வந்து வைஃபை இருக்கற எடத்துல இறக்கிட்டா போதும், ஒவ்வொரு மாட்யூலும் சில எம்பிதான், மலைல எங்க வேணா திறக்கும். மலை ஏறறதுக்கு முன்னாடி ஏரோப்ளேன் மோடுல போட்டு ஒரு தடவ திறந்து பாருங்க, அப்ப திறந்தா மேலயும் திறக்கும்.

இப்ப ஸ்டடி பைபிள் குறிப்பு எதுக்குன்னு நான் எனக்கே புரிஞ்சுக்கிட்ட ஒரு எடத்த சொல்றேன், நீங்க அப்போஸ்தலர்தான் எடுக்கறீங்க, உங்களுக்கு உதவும். 27ம் அதிகாரம், பவுல கைதியா ரோமாபுரிக்கு கப்பல்ல கூட்டிட்டு போறாங்க. 9ம் வசனத்துல உபவாசநாளும் கழிஞ்சுபோச்சு, கப்பல் யாத்திரை ஆபத்தாயிடுச்சுன்னு வருது. சும்மா படிச்சா உபவாசத்துக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும், நம்ம ஆளுங்க உடனே உபவாசம் இருந்து ஜெபிக்காததாலதான் ஆபத்துன்னு பிரசங்கம் பண்ணிடுவாங்க, அப்படி கேட்டிருக்கேன். ஆனா அந்த ஒத்துவாக்கியம் மாட்யூல திறந்தீங்கன்னா லேவியராகமம் 16க்கும் 23க்கும் கூட்டிட்டு போகும். அது யூதருங்களோட பாவநிவாரண நாள், அந்த ஒரு நாள்தான் எல்லாரும் உபவாசம் இருக்கணும்னு நியாயப்பிரமாணம் சொல்லுது, செப்டம்பர் அக்டோபர்ல வரும். மத்தியதரைக் கடல்ல அதுக்கு அப்புறம் காத்து மாறிடும், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் கப்பலே விடமாட்டாங்க. அதாவது இந்த புத்தகத்த எழுதின லூக்கா அங்க மாசத்த சொல்றாரு! தேதி சொல்ற மாதிரி சொல்றாரு. நாம தீபாவளி கழிஞ்சு போச்சுன்னு சொல்றோம்ல, கேக்கறவங்களுக்கு ஐப்பசி கார்த்திகைன்னு புரிஞ்சிடும்ல.

இது புரிஞ்சதுக்கு அப்புறம் அந்த அதிகாரம் முழுசும் திறந்துடுச்சு. நல்ல துறைமுகத்துல குளிர் காலத்த கழிக்க முடியாதுன்னு மாலுமி சொல்றது ஏன், பவுல் வேணாம்னு சொல்றது ஏன், நூற்றுக்கு அதிபதி யார் பேச்ச கேட்டான், யூரோக்கிலிதோன் காத்து எந்த பக்கத்துல இருந்து அடிச்சு கிரேத்தாவ விட்டு தள்ளிட்டு போச்சு, கிலவுதா தீவு எங்க இருக்கு, மெலித்தா எங்க இருக்கு. 37ம் வசனத்துல கப்பல்ல 276 பேருன்னு வருதுல்ல, எங்க பிள்ளைங்க நாகலூர்ல இருந்து சேலம் போற பஸ்ஸுல எத்தன பேரு ஏறுவாங்கன்னு கணக்கு போட்டு அப்ப எத்தன பஸ்ஸுன்னு அவங்களே பேசிக்கிட்டாங்க. அதுல பாதி பிள்ளைங்க கடலையே பாத்ததில்ல பிரதர். மேப்ப போன்ல பெருசு பண்ணி காட்டினப்போ அத்தன பேரும் தலைய உள்ள விட்டுட்டாங்க.

மேப்புக்கு ஓபன்பைபிள் இன்ஃபோன்னு ஒரு சைட்டு இருக்கு, பைபிள்ல வர்ற ஊரு எல்லாத்தையும் கூகுள் எர்த்துல திறக்கற மாதிரி ஃபைலா ஃப்ரீயா வெச்சிருக்காங்க. நெட் இருக்கற எடத்துல திறந்து, வேணுங்கறத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. போதும்.

செவ்வாய்பேட்டை தம்பி:

அக்கா சொன்ன 27:9 விளக்கம் சூப்பர்ங்க, நான் இத்தன நாள் அந்த வசனத்த தாண்டி போயிட்டே இருந்தேன்.

நான் கம்ப்யூட்டர் வேலைல இருக்கேன், தமிழ் தேடல் பத்தி மட்டும் சொல்றேன்ங்கண்ணா, ஏன்னா எந்த சாப்ட்வேர் வாங்கினாலும் இதுல மாட்டுவீங்க. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைய அடிச்சா பெரும்பாலும் எல்லா எடமும் வந்துடும். தமிழ்ல வேற்றுமை உருபு ஒட்டிக்கும். "தேவன்"னு புள்ளியோட அடிச்சு தேடினா "தேவனுடைய", "தேவனை", "தேவனுக்கு" எதுவும் வராது. புள்ளிய எடுத்துட்டு "தேவன"ன்னு அடிச்சு, வார்த்தையோட ஒரு பகுதிய தேடற ஆப்ஷன ஆன் பண்ணுங்க, எல்லாம் வரும். "விசுவாசம்"னு அடிச்சா "விசுவாசத்தினால்" வராது, ஏன்னா ம் போயி த்து வந்துடுது. "விசுவாச"ன்னு அடிங்க, விசுவாசிக்கிறவன் வரைக்கும் வரும். "கர்த்தர்"க்கு "கர்த்த"ன்னு நிறுத்துங்க, அப்பதான் "கர்த்தாவே"வும் சிக்கும். பரிசுத்த ஆவிய பத்தி அப்போஸ்தலர்ல தேடும்போது "ஆவி"ன்னு மட்டும் போட்டுட்டு தேடற எல்லைய அந்த ஒரு புத்தகத்துக்குள்ள வெச்சுக்கோங்க, அசுத்த ஆவியும் சேந்து வரும், அத கண்ணால பிரிச்சுக்கலாம்.

அப்புறம் சில பழைய மாட்யூல் பாமினி மாதிரி பழைய ஃபாண்டுல பண்ணினதா இருக்கும். ஸ்கிரீன்ல தமிழா தெரியும், தேடினா எதுவும் வராது, காப்பி பண்ணி வாட்ஸ்அப்புல போட்டா இங்கிலீஷ் எழுத்தா கொட்டும். அது யூனிகோடு இல்ல. அப்படி இருந்தா தூக்கிட்டு வேற மாட்யூல் தேடுங்க, அத சரி பண்றதுல நேரத்த போடாதீங்க. யூனிகோடுலயும் ஒரு சிக்கல் இருக்கு, "கொ" மாதிரி எழுத்துல ஒற்றக்கொம்பும் காலும் ஒரே குறியா சேமிச்சிருக்கலாம், ரெண்டு தனித்தனி குறியாவும் சேமிச்சிருக்கலாம், பாத்தா ஒரே மாதிரி இருக்கும், தேடினா மாட்டாது. கண்டிப்பா இருக்க வேண்டிய வசனம் தேடல்ல வரலன்னா வசனத்துல இருந்தே அந்த வார்த்தைய காப்பி பண்ணி தேடல் பொட்டில ஒட்டி பாருங்க.

தமிழ் டெக்ஸ்டு எதுன்னா, சபைல வாசிக்கற பழைய மொழிபெயர்ப்பு ஒண்ணு, அதோட ஐ.ஆர்.வின்னு (இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன்) ஒண்ணு. ஐ.ஆர்.வி கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல வெளியிட்டிருக்காங்க, அதனால தைரியமா ஸ்லைடுல போடலாம், அச்சடிச்சு குடுக்கலாம், யார் வெளியிட்டது, என்ன லைசென்ஸ்னு குறிப்பிடணும், மாத்தி வெளியிட்டா அதே லைசென்ஸ்லதான் குடுக்கணும்.

குகை பிரதர்:

எதுக்குங்க இவ்ளோ கஷ்டம், டெலிகிராம்ல காசு குடுத்து வாங்கற ஸ்டடி பைபிள் மாட்யூல் எல்லாம் ஃப்ரீயா சுத்துது, நான் லிங்க் அனுப்பட்டுமா?

அஸ்தம்பட்டி வாசகர்:

வேணாம் பிரதர், அனுப்பாதீங்க. கோபத்துல சொல்லல. அந்த குறிப்புகள எழுதினவங்க பல வருஷம் உக்காந்து எழுதியிருக்காங்க, அதுக்கு விலை வெச்சிருக்காங்க. அனனியா சப்பீராள் பாடத்த 5ம் அதிகாரத்துல எடுக்கப்போற ஒருத்தர் திருட்டு மாட்யூல வெச்சு அத தயார் பண்றது என்னால யோசிச்சே பாக்க முடியல. அதுவும் இல்லாம அந்த ஃபைல்ல யாரு என்ன மாத்தி வெச்சிருக்காங்கன்னு தெரியாது, குறிப்புல நாலு வரி விட்டுப்போனாலும் நமக்கு தெரியாது.

நேர்மையா ஃப்ரீயா கிடைக்கறதே ஒரு ஆயுசுக்கு காணும். ஸ்கோஃபீல்ட் ரெஃபரன்ஸ் பைபிள் 1909ல வந்தது, மேத்யூ ஹென்றி 300 வருஷத்துக்கு முன்னாடி, இதுக்கெல்லாம் இப்ப உரிமை யார்கிட்டயும் இல்ல. நெட் பைபிள்னு (NET) ஒரு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இருக்கு, அதோட குறிப்பு 60 ஆயிரத்துக்கு மேல இருக்கு, அவங்க சைட்டுலயே முழுசா காசில்லாம படிக்கலாம். கேம்பிரிட்ஜ்ல இருக்கற டிண்டேல் ஹவுஸ்ங்கற வேத ஆராய்ச்சி மையத்துல உருவான ஸ்டெப் பைபிள்னு ஒண்ணு இருக்கு, ஒரு வார்த்தைய தொட்டா அதோட கிரேக்கம் எபிரேயம் வந்து நிக்கும், அதுவும் காசில்ல.

குகை பிரதர்:

சரிங்கய்யா. ஸ்டெப் பைபிள் எனக்கு புதுசு, பாக்கறேன்.

மறைக்கல்வி ஆசிரியர், ஏற்காடு:

அனைவருக்கும் வணக்கம். நான் கத்தோலிக்கர், பங்குல மறைக்கல்வியும் அன்பியக் கூட்டமும் (பக்கத்து குடும்பங்க சேர்ந்து ஜெபிக்கற சின்ன குழு) நடத்தறேன். உங்க பேச்சுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு, அதனால எழுதறேன்.

1995ல வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்புல ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை இருக்கு, யார் எழுதினது, எந்த சூழல்ல எழுதினது, நூலோட பிரிவுகள் என்ன எல்லாம் எளிமையான தமிழ்ல. அடிக்குறிப்புல ஒத்த பகுதிகளும் உண்டு. தமிழ்ல குறிப்போட ஒண்ணு வேணும்னு தேடற சகோதரருக்கு அந்த முன்னுரைய ஒரு தடவ வாசிச்சாலே பாடத்த எப்படி பிரிக்கறதுன்னு தெளிவு வந்துடும். நாங்க திருத்தூதர் பணிகள்னு சொல்றதுதான் நீங்க சொல்ற அப்போஸ்தலர் நடபடிகள், சுருக்கமா "திப"ன்னு போட்டிருக்கும். தொடக்க நூல்னா ஆதியாகமம், விடுதலைப் பயணம்னா யாத்திராகமம், திருப்பாடல்கள்னா சங்கீதம். ஆப்புல தேடும்போது இந்த பேர் தெரியலன்னா புத்தகமே இல்லைன்னு நெனச்சுடுவீங்க.

எங்க பக்கம் இருக்கற சிரமத்தையும் சொல்லிடறேன். நிறைய ஃப்ரீ சாப்ட்வேர் 66 புத்தகத்த மட்டும் வெச்சு கட்டினது. எங்களுக்கு 73. தோபித்து, யூதித்து, மக்கபேயர், சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு இதெல்லாம் மாட்யூல்ல இருக்கான்னு பாத்துட்டுதான் நாங்க இறக்கணும். எங்க மக்கள்கிட்ட ஒரு ஆப்ப சிபாரிசு பண்றதுக்கு முன்னாடி நான் பாக்கற முதல் விஷயம் அதுதான். சீராக் இல்லாத விவிலியத்த வெச்சு நான் எப்படி மறைக்கல்வி எடுக்கறது? முழு திருவிவிலியமும் அந்த முன்னுரை அடிக்குறிப்போட, தொட்டா திறக்கற மாதிரி, நெட் இல்லாம ஓடற ஒரு நல்ல சாப்ட்வேருக்குள்ள வரணும்னு நானும் ஆசையா காத்திருக்கறவன்தான்.

சூரமங்கலம்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல. இ-ஸ்வார்டு போட்டுட்டேன், தமிழும் ஒத்துவாக்கியமும் பக்கத்துல பக்கத்துல வருது, லேப்டாப் திணறல. அக்கா சொன்ன 27:9 போய் பாத்தேன், லேவியராகமத்துக்கு அப்படியே கூட்டிட்டு போச்சு, உடம்பு சிலிர்த்துடுச்சு. முன்பதிவ கேன்சல் பண்ணல, காசு இன்னும் எடுக்கல, அது வர்றப்ப வரட்டும்.

ஒரு சந்தேகம். 2ம் அதிகாரம் பெந்தெகொஸ்தே, அந்நிய பாஷை. என்கிட்ட இருக்கற ஸ்டடி பைபிள் ஒண்ணு சொல்லுது, ஸ்கோஃபீல்ட் வேற மாதிரி போகுது, மேத்யூ ஹென்றி இன்னொரு பக்கம். எங்க சபைல நாங்க நம்பறது வேற. இத எப்படி கையாளறது? எல்லாத்தையும் சொன்னா கேக்கறவங்க குழம்புவாங்க.

அஸ்தம்பட்டி வாசகர்:

தம்பி, நல்ல கேள்வி, இதுக்குத்தான் எழுத வந்தேன்னே வெச்சுக்கோங்க.

குறிப்பு வேதவசனம் இல்ல. அச்சு புத்தகத்துல ஒரே பக்கத்துல மேல வசனம் கீழ குறிப்புன்னு இருக்கறதால ரெண்டும் ஒரே எடை மாதிரி கண்ணுக்கு தெரிஞ்சிடும், 1560ல ஜெனீவா பைபிள் ஓரக்குறிப்போட வந்த காலத்துல இருந்தே இந்த பிரச்சன இருக்கு, அந்த ஓரக்குறிப்பு பிடிக்காமதான் இங்கிலாந்து ராஜா ஜேம்ஸ் தன்னோட கே.ஜே.வி மொழிபெயர்ப்புல அந்த மாதிரி விளக்கக் குறிப்பு வேணாம்னாரு. சாப்ட்வேர்ல உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, குறிப்பு கட்டத்த மூடி வெக்கலாம். மூடி வெச்சுட்டு அதிகாரத்த தமிழ்ல சத்தமா வாசிங்க. ஒரே மூச்சுல. அப்புறம் ஒத்துவாக்கியத்த மட்டும் திறங்க, 2ம் அதிகாரத்துக்கு அது யோவேல் தீர்க்கதரிசி புத்தகத்துக்கும் சங்கீதம் 16க்கும் 110க்கும் கூட்டிட்டு போகும், பேதுரு பிரசங்கத்துல எடுத்துச் சொன்னதே அதத்தான். அதுக்கெல்லாம் அப்புறம் விளக்கவுரை. எழுதினவர் எந்த காலம், எந்த சபை, எந்த உபதேசப் பக்கம்னு தெரிஞ்சு வாசிங்க. ஸ்கோஃபீல்ட் வேத சரித்திரத்த யுகங்களா பிரிச்சு பாக்கற ஆளு, அந்த கண்ணாடி எல்லா குறிப்புலயும் இருக்கும். மேத்யூ ஹென்றி 1714ல இறந்துட்டாரு, அவர் கையால எழுதினது அப்போஸ்தலர் வரைக்கும்தான், ரோமர்ல இருந்து வேற போதகருங்க முடிச்சு வெச்சாங்க, அதனால உங்க புத்தகத்துக்கு அவரோட சொந்த எழுத்தே கிடைக்குது. பெந்தெகொஸ்தே இயக்கம்லாம் அவருக்கு 200 வருஷம் கழிச்சு வந்தது, அவர்கிட்ட அந்த கேள்விக்கு பதில் தேடக்கூடாது.

கூட்டத்துல எல்லா கருத்தையும் கொட்ட வேணாம். வசனம் என்ன சொல்லுதோ அத சொல்லுங்க, பாஸ்டர் ஐயாகிட்ட முன்னாடியே உக்காந்து பேசிட்டு சபையோட போதனைய சொல்லுங்க, மத்தவங்க வேற மாதிரி புரிஞ்சுக்கறாங்கன்னு மரியாதையா ஒரு வரி. அதுபோதும்.

இன்னொண்ணு மிக முக்கியம். இ-ஸ்வார்டுல ஸ்டடி நோட்ஸ்னு ஒரு கட்டம் இருக்கு, வசனத்தோட ஒட்டி நீங்களே எழுதலாம். ஒவ்வொரு வாரமும் தயார் பண்ணினத தமிழ்ல அங்க எழுதிட்டே வாங்க. அக்கா சொன்ன கப்பல் விளக்கம் மாதிரி நம்ம ஜனங்களுக்கு புரியற குறிப்பு இங்கிலீஷ் ஸ்டடி பைபிள்ல கிடைக்காது, நாமதான் எழுதணும். 28 அதிகாரம் முடியும்போது அப்போஸ்தலர் நடபடிகளுக்கு ஒரு தமிழ் ஸ்டடி நோட்ஸ் உங்க சபை கைல இருக்கும். விலைக்கு விக்கற ஸ்டடி பைபிள் குறிப்ப அப்படியே மொழிபெயர்த்து பரப்பக்கூடாது, அது அடுத்தவங்க உரிமை, ஆனா மேத்யூ ஹென்றி, ஸ்கோஃபீல்ட் பழைய பதிப்பு எல்லாம் தாராளமா தமிழாக்கி குடுக்கலாம். அந்த நோட்ஸ் ஃபைல மாசம் ஒரு தடவ பென்டிரைவுல காப்பி பண்ணி வீட்டுல இன்னொருத்தர்கிட்ட குடுத்து வைங்க.

நாகலூர் அக்கா:

ஐயா சொன்ன அந்த நோட்ஸ் விஷயத்துல நானும் சேந்துக்கறேன். என்கிட்ட 13ல இருந்து 28 வரைக்கும் பிள்ளைங்களுக்கு எடுத்த பாடக்குறிப்பு நோட்டுல கையால எழுதினது இருக்கு. கீழ வரும்போது கொண்டு வரேன் பிரதர், டைப் பண்ண யாராவது உதவினா உங்க ஃபைல்லயே சேத்துடலாம்.

செவ்வாய்பேட்டை தம்பி:

டைப்பிங் நான் பாத்துக்கறேன் அக்கா, நோட்ட போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும், கொண்டு வரணும்னு இல்ல. பக்கம் முழுசும் தெரியற மாதிரி பகல் வெளிச்சத்துல எடுங்க.

சூரமங்கலம் அண்ணா, புரொஜெக்டர்ல காட்டப்போறீங்கன்னா தமிழ் எழுத்த நல்லா பெருசா வைங்க, 36க்கு கீழ வேணாம், பின் வரிசை பெரியவங்களுக்கு ஒற்று தெரியாது. கட்டம் ரெண்டு மட்டும் திறங்க, ஒண்ணு தமிழ், ஒண்ணு ஒத்துவாக்கியம். எஸ்டேட் கூட்டத்துக்கு லேப்டாப் சார்ஜ் முழுசா போட்டுட்டு போங்க, அடிவாரம் தாண்டினதுக்கு அப்புறம் கரண்ட நம்பாதீங்க.

சூரமங்கலம்காரன்:

முதல் பாடம் 1ம் அதிகாரம் 1ல இருந்து 11 வரைக்கும்னு முடிவு பண்ணியாச்சு. குறிப்பு கட்டத்த மூடிட்டு வாசிக்க ஆரம்பிச்சிருக்கேன். அக்கா, நீங்க 13ல இருந்து வெச்சிருக்கீங்கன்னா 1ல இருந்து 12 வரைக்கும் நான் எழுதறேன், வாரா வாரம் ஃபைல இங்கயே போடறேன், தப்பு இருந்தா எல்லாரும் சொல்லுங்க.